பரணேறி: தென்கிழக்கு ஒஹாயோ பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு

கொலம்பஸிலிருந்து யூஎஸ் 33 சாலையில் தென்கிழக்காக இறங்கினால் லாங்காஸ்டர் வரைக்கும் சோளக் கொல்லைகள்தான். அறுவடை முடிந்து வெறும் தாளாக நிற்கின்றன. லோகன் தாண்டியதும் நிலம் மேடும் பள்ளமுமாக மாறுகிறது, அப்புறம் இரு பக்கமும் காடு. ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தில் நெல்சன்வில் வந்துவிட்டோம். ஊருக்கு வெளியே ஒரு சின்ன மரவீடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பின்கதவைத் திறந்தால் வேய்ன் தேசியக் காடு.

வந்திருப்பது நானும் அண்ணனும். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. தேனிப் பக்கத்துக்காரர், அலுவலகப் பழக்கம், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நவம்பர் பிறந்தால் அவரை கொலம்பஸில் பார்க்க முடியாது, இங்கேதான் ஏதாவது ஒரு மரத்தின் மேல் இருப்பார். நான் வேட்டைக்காரன் இல்லை. கையில் கேமரா மட்டும். பரண் மாட்டிச் சத்தமில்லாமல் மரம் ஏறி உட்காருவதைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும் என்று வந்தவன்.

"மான் வேட்டையா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து மானைத் தொட்டால் ஜெயில். அது அங்கே சரி. ஒஹாயோவின் கதை வேறு. காட்டை அழித்து, கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளி, 1904 வாக்கில் இந்த மாநிலத்தில் மானே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், 1943-இல் மூன்றே மாவட்டங்களில் மறுபடி வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்றைக்கு 88 மாவட்டங்களிலும் வெள்ளைவால் மான் இருக்கிறது, அண்மை ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் வேட்டையாடுகிறார்கள். ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை. மனிதன் குறைக்காவிட்டால் தோட்டம் போகும், இளமரக்கன்றுகள் போகும், நெடுஞ்சாலையில் காரும் போகும். இதெல்லாம் நியாயம் கற்பிக்க அண்ணன் சொல்வது இல்லை. அவர் சொல்வது ஒன்றுதான்: "எனக்குக் கறி பிடிக்கும்டா."

இந்தக் காட்டுக்கும் ஒரு கதை உண்டு. நிலக்கரி தோண்டி, இரும்பு உருக்க மரமெல்லாம் வெட்டி, மிச்சத்தில் விவசாயம் பண்ணி, மண் ஓய்ந்துபோன நிலத்தை 1930-களில் அரசு வாங்கத் தொடங்கியது. இப்போது 2 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கருக்கு மேல். ஆனால் ஒரே துண்டாக இல்லை, நடுநடுவே தனியார் நிலம். அதனால் கைபேசியில் எல்லைக்கோடு காட்டும் வரைபடம் இல்லாமல் யாரும் உள்ளே போவதில்லை.

ராத்திரி சாப்பாடு ஆனதும் அண்ணன் பரணை எடுத்துத் தரையில் பரப்பினார். இங்கே எல்லோரும் க்ளைம்பர் என்கிறார்கள். மரத்தில் ஏணி கட்ட வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம், முதுகில் மாட்டிக்கொண்டு போய் மரத்தில் மாட்டி, அதையே பிடித்து ஏறி, முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அரசுக் காட்டில் மரத்தைக் காயப்படுத்தக் கூடாது என்பதால் இங்கே வருபவர்களுக்கு இது தோது.

அலுமினியக் குழாய்களால் ஆன இரண்டு பாகம். மேல் பாகம் இருக்கை, கீழ் பாகம் கால் வைக்கும் மேடை. இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு கேபிள், மரத்தைச் சுற்றி வந்து பூட்டிக்கொள்ளும். மரத்தைத் தொடும் பக்கம் பல் வைத்த கம்பி. எடை ஏறினால் பல்லும் கேபிளும் எதிரெதிர்ப் பக்கம் மரத்தைக் கடிக்கும். எடை இறங்கி வெளிநுனி தூக்கினால் பிடி விடும். மொத்தம் 9 கிலோ இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி, கையால் கட்டிப் பிடித்து, காலைச் சுருக்கி இழுத்து, மறுபடி கையை நீட்டுவார்களே, அதே அசைவுதான். பனையேறிக்கு இடுப்பில் அரிவாள்பெட்டி, இவர்களுக்கு முதுகில் பை.

வேலை ஏறுவதில் இல்லை, இந்தத் தரையில்தான் என்கிறார் அண்ணன். ஆட்காட்டி விரலை மடக்கி ஒவ்வொரு குழாயையும் தட்டினார். டங் என்று நீளமாக ஒலித்த இடமெல்லாம் துணிநாடா சுற்றினார். ஹாக்கி மட்டையில் சுற்றும் அதே நாடா. இரண்டு பாகமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்களில் மெத்தென்ற ஒட்டுத்துணி. நட்டு ஒவ்வொன்றையும் கழற்றி நைலான் வாஷர் வைத்து இறுக்கினார். கேபிளைப் பூட்டும் முள்ளாணி ஒரு சின்னச் சங்கிலியில் தொங்குகிறது, அதை வெட்டிவிட்டு அங்கே பாராகார்டு என்ற மெல்லிய நைலான் கயிறு கட்டினார். இன்னும் சிலர் குழாய்க்குள் நுரை பீய்ச்சி அடைத்துவிடுவார்களாம், குழாய் பாடாது. கடைசியில் பரணை முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் குதித்துப் பார்த்தார். எங்கோ ஒரு கிலுக். விழாமல் தாங்க உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸின் கொக்கி. அதற்கும் ஒரு சுற்று.

"காட்டுல சத்தமே இருக்கக் கூடாதுன்னு நெனக்காத. அணில் ஓடும், கொட்டை விழும், கிளை முறியும். மான் அதெல்லாம் கேட்டுத்தான் வளருது. காட்டுல இல்லாத சத்தம் ஒண்ணே ஒண்ணுதான், இரும்பு இரும்புல படறது."

வெள்ளி

வேட்டை இல்லை, மரம் தேடும் நாள்.

உச்சிவெயிலில் போனோம். மான் அதிகம் நடமாடாத நேரம், நாம் சருகில் சரசரவென்று நடந்தாலும் பரவாயில்லை. அண்ணன் கைபேசியில் சமவுயரக் கோடு பார்த்து ஏற்கெனவே மூன்று இடம் குறித்துவைத்திருந்தார். முதலாவது ஒரு மலைமுதுகின் தாழ்ந்த கழுத்து. இரண்டு ஓடைக்கும் நடுவில் மான் மேடேறாமல் குறுக்கே கடக்கும் இடம். பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு அகலத் திட்டு, அதில் மான் நடந்து நடந்து சருகே இல்லாத ஒரு கோடு. அங்கங்கே கட்டைவிரல் தடிமன் மரங்களில் பட்டை உரிந்திருந்தது, கிடாக்கள் கொம்பைத் தேய்த்த அடையாளம். ஒரு தாழ்ந்த கிளைக்குக் கீழே மண்ணைப் பிறாண்டி வைத்திருந்தது. மேலே அந்தக் கிளையின் நுனி மென்று நைந்திருந்தது. கிடாக்கள் தங்கள் வாசனையை விட்டுவிட்டுப் போகும் தபால்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் தொடக்கம், இணைசேரும் பருவம் சூடேறும் நேரம். மற்ற நாட்களில் பெரும்பாலும் இருட்டிலேயே நடமாடும் கிடா இப்போது பகலிலும் பெட்டையைத் தேடி அலையும். அதனால்தான் அண்ணனுக்கு விடுமுறை எப்போதும் இந்த வாரத்தில் விழுகிறது.

இடம் சரி. மரம்தான் பெரிய தலைவலி. க்ளைம்பருக்கு வேண்டியது நேராக, கிளையில்லாமல், 8 முதல் 20 அங்குலம் விட்டமுள்ள தண்டு. ஹிக்கரி மரத்தில் ஷாக்பார்க் என்று ஒரு வகை, பட்டை நீள நீளமாகப் பெயர்ந்து தொங்கும். அதில் ஏறினால் பட்டை நொறுங்கும் சத்தம் அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்கும். வெள்ளை ஓக் அதைவிடத் தேவலாம், ஆனால் அதுவும் செதில் செதிலாக உதிரும். பீச் மரம் வழவழப்பு, ஈரமானாலோ பனி படிந்தாலோ பல் பிடிக்காது. ஆஷ் மரத்தைத் தொடவே கூடாது. 2002-இல் மிச்சிகனில் ஒரு பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த ஆண்டே ஒஹாயோ வந்துவிட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போகும். இங்கே நிற்கும் ஆஷ் மரங்களில் பெரும்பாலானவை நின்றபடி செத்தவை. பார்க்க நேராக, அழகாக, ஏறச் சொல்லி அழைப்பவை.

கடைசியில் அமைந்தது டூலிப் பாப்ளர். அறுபது அடிக்குக் கிளையே இல்லாமல் போகும், பட்டை கெட்டி, அதே சமயம் பல் ஊன்றும் அளவுக்கு மென்மை. அடுத்தடுத்து இரண்டு நின்றன. பாதையிலிருந்து இருபத்தைந்து கஜம் தள்ளி, ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு காய்ந்த நெற்றை எடுத்தார். மில்க்வீட், நம் எருக்கின் குடும்பம்தான், பஞ்சும் அதே பஞ்சு. ஓர் இழையை எடுத்து ஊதிவிட்டார். அது பாதையைவிட்டு விலகி, எங்கள் முதுகுப் பக்கம் பள்ளத்தை நோக்கி மிதந்து போயிற்று. மூக்குதான் மானுக்கு முதல் காவல், காது அடுத்தது. காற்று தப்பாகப் போனால் எவ்வளவு சத்தமில்லாமல் ஏறியும் பிரயோசனம் இல்லை. விடியற்காலையில் குளிர்காற்று சரிவில் இறங்கும், வெயில் பட்டதும் மேலேறும். அதனால் காலையில் உட்கார மேட்டுப் பக்கம் நல்லது என்கிறார்.

கிளம்புவதற்கு முன் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு மரத்தின் அடியிலும் காலால் சருகைத் தள்ளி வெறும் மண்ணாக்கினார். அங்கிருந்து பத்துப் பதினைந்து அடி தூரம் வரைக்கும் ஒரு வழியும் பெருக்கிவிட்டார். நாளைக்கு இருட்டில் பரணை மாட்ட அங்கேதான் கால் மாற்றி மாற்றி நிற்க வேண்டும், அந்த ஐந்து நிமிஷச் சருகுச் சத்தத்தை இன்றைக்கே தீர்த்துவிட்டார்.

மாலையில் மரவீட்டு முற்றத்து மரத்தில் எனக்குப் பாடம். இடுப்புயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டளை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு முள்ளாணி துழாவிப் பூட்டும் வரைக்கும் விடவில்லை.

சனி

நாலரைக்கு எழுந்தோம். வெளியே புல்லெல்லாம் வெள்ளை, பூஜ்யத்தை ஒட்டிய குளிர். சூடான உடுப்பை எல்லாம் பையில் அடைத்து, மெல்லிய பனியனோடு நடந்தோம். போட்டுக்கொண்டு நடந்தால் வேர்க்கும், வேர்த்தால் நாற்றம், அப்புறம் மேலே போய் விறைப்பு.

உறைந்த சருகைப் போல மோசமான எதிரி கிடையாது. ஒவ்வொரு அடியும் அப்பளம் நொறுங்குகிறது. அண்ணன் கவலைப்படவில்லை. மூன்று நாலு அடி, நிற்பது. இரண்டு அடி, நிற்பது. அப்புறம் ஐந்து. மனிதன் நடை ஒரே தாளம், மானுக்கு அந்தத் தாளம் தெரியும். தாளத்தை உடைத்தால் அது வேறு ஏதோ பிராணி. ஒரு இடத்தில் கிளை சடக்கென்று முறிந்ததும் கழுத்தில் தொங்கிய குழலை எடுத்து 'உர்க்' என்று மெல்ல ஓர் உறுமல் விட்டார். கிடாவின் குரல். இந்த மாதத்தில் சருகு மிதித்துக்கொண்டு ஒரு கிடா போவது சகஜம்தானே.

இனி ஏறுவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதைத் தேடி வந்து படிப்பவர்கள் இருப்பார்கள்.

சிவப்பு விளக்கு நெற்றியில். முதலில் ஹார்னஸ், உடம்பு முழுக்கப் பிடிக்கும் வகை. அதோடு வரும் நாடாவைத் தலைக்கு மேலே மரத்தில் கட்டி, முதுகுக் கயிற்றை அதில் கொக்கி போட்டுவிட்டுத்தான் பரணையே தொடுகிறார். அப்புறம் கீழ் பாகம். கேபிளை ஒரு கையால் மரத்தைச் சுற்றி விட்டு மறு கையால் பிடிக்கிறார், வீசுவதில்லை. வீசினால் கேபிள் பட்டையில் அறையும். முள்ளாணியைக் குத்துவதில்லை, கட்டைவிரலால் அழுத்தி நழுவவிடுகிறார். மேடையை மட்டமாக வைக்காமல் வெளிநுனி நன்றாக மேலே தூக்கியபடி பூட்டுகிறார். தண்டு மேலே போகப் போகச் சிறுக்கும், அதற்கேற்ப மேடையும் தாழ்ந்துகொண்டே வந்து இருபது அடியில் மட்டமாக நிற்கும். கீழேயே மட்டமாக வைத்தவன் பாதி வழியில் சறுக்கு மரத்தில் நிற்பான். கேபிளைத் திருத்த வேண்டியிருக்கும், இருட்டில், சத்தத்தோடு.

மேல் பாகம் அதற்கு மேலே. இரண்டையும் இணைக்கும் கயிறு கட்டியாயிற்றா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அந்தக் கயிறு இல்லாமல் காலடி மேடை நழுவிப் போனால், இருக்கையில் தொங்கிக்கொண்டு உதவிக்குக் கத்த வேண்டியதுதான். வில்லைத் தரையிலேயே விட்டு அதற்கும் ஒரு கயிறு. கிராஸ்போ, விசை இழுத்து எய்யும் வில், அம்பு பூட்டாதது.

ஏறத் தொடங்கினார். மரத்தைப் பார்த்தபடி மேல் பாகத்தின் கம்பியில் உட்காருகிறார். எடை முழுக்க அங்கே. கால் இரண்டும் மேடைப் பட்டையில் மாட்டியிருக்கின்றன. குதிகாலைத் தூக்கி, நுனிக்காலைத் தாழ்த்தி, பல் பட்டையிலிருந்து விலகிய பிறகுதான் முழங்காலை மடக்கி மேடையை இழுக்கிறார். இந்த 'பிறகுதான்' முக்கியம். விலகுவதற்கு முன் இழுத்தால் பல் பட்டையைக் கீறிக்கொண்டு வரும், கர்ர்ர். இழுத்து நிறுத்தி, குதிகாலை அழுத்தி, பல் கடிக்கும் வரை காத்திருந்து, எழுந்து நிற்கிறார். இப்போது எடை காலில். மேல் பாகத்தைத் தூக்கி ஓர் அடி மேலே வைத்து, கையால் அழுத்தி உட்காரவைத்து, அதன் பிறகு தான் உட்காருகிறார். ஹார்னஸ் பட்டையையும் ஒவ்வொரு தடவையும் மேலே நகர்த்த வேண்டும். நீண்ட எட்டாக வைத்தால் சீக்கிரம் போகலாம், ஆனால் பாகங்கள் மரத்தில் இடிக்கும். இவர் எடுத்தது ஓர் அடிக்கும் குறைவு.

நாலு எட்டு ஏறினார், நின்றார். நான் கீழே காத்திருந்தேன். ஒரு நிமிஷம் அசைவே இல்லை. காற்று ஒரு வீச்சு வந்து மேலே ஓக் இலையெல்லாம் சலசலத்தது, அந்தச் சலசலப்புக்குள் இன்னும் மூன்று எட்டு. நின்றார். எங்கோ அணில் சருகில் ஓடியது. மறுபடி இரண்டு. ஏற எடுத்துக்கொண்டது இருபது நிமிஷம் இருக்கும். அவசரக்காரர்கள் ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடுவார்கள், ஏறியதை மான் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டு ஏறுவார்கள்.

மேலே போனதும் இரண்டு பாகங்களையும் நாடாவால் மரத்தோடு இறுக்கினார். திரும்பி, மரத்துக்கு முதுகு காட்டி நின்றார். அப்புறம் எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றி அழுத்தினார். மேடை ஒரு முறை 'பொக்' என்றது. குளிரில் பட்டைக்குள் பல் இன்னும் கொஞ்சம் இறங்கும் சத்தம். அது இப்போது, இருட்டில் வந்துவிட வேண்டும். மான் எதிரே நிற்கும்போது வில்லைத் தூக்க எழுந்தால் வரக் கூடாது.

ஏழு மணி வாக்கில் உதயம். அதற்கு அரை மணி முன்னாலிருந்து சட்டப்படி எய்யலாம். எட்டேகாலுக்கு ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தன. பாதையில் இல்லை, நாங்கள் நடந்து வந்த வழியில். தாய் எங்கள் தடத்தை மோந்தது. காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு. தலையைத் தாழ்த்தி, உடனே வெடுக்கென்று தூக்கிப் பார்த்தது, ஏமாற்றிப் பிடிக்கிற விளையாட்டு. அண்ணன் இமைக்கவில்லை. மூக்கிலிருந்து 'ஃப்ஷ்ஷ்' என்று ஊதிவிட்டு, வெள்ளை வாலை நட்டுக்கொண்டு மூன்றும் போய்விட்டன.

பத்தரைக்கு அண்ணன் இறங்கினார். "வாசனை. ஏறினது அதுக்குத் தெரியவே தெரியாது," என்றார். அதில் அவருக்குத் திருப்திதான் என்று முகத்தில் தெரிந்தது.

ஞாயிறு

மழை. ஈரத்தில் மரம் ஏறுவது மடத்தனம், கறிக்காக எலும்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் அடிபடுவதில் பெரும் பங்கு துப்பாக்கியால் இல்லை, பரணிலிருந்து விழுவதால். விழுந்து ஹார்னஸில் தொங்கினாலும் ஆபத்து முடிவதில்லை. தொடைப்பட்டை ரத்தத்தைக் கட்டிப்போடும், கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரலாம். அதற்காகவே காலை ஊன்றி நிற்க ஒரு வளையப் பட்டை ஹார்னஸோடு வரும். அதைக் கையெட்டும் பையில் வைத்திருக்க வேண்டும், பெட்டியிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது.

மூன்வில் சுரங்கப்பாதை பார்க்கப் போனோம். ரயில் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது, பேய்க் கதை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, கையில் லாந்தரோடு வருகிற ரயில்காரர் பேய். நாங்கள் பார்த்தது மழைக்கு ஒதுங்கிய ஒரு கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம்தான். திரும்பும் வழியில் நெல்சன்வில் சதுக்கம். நடைபாதையில் நட்சத்திரம் பதித்த செங்கற்கள், இந்த ஊர்ச் சூளைகளில் சுட்டவை. அண்ணிக்கு ஜாம் பாட்டில் வாங்கினார் அண்ணன்.

ராத்திரி பரணைத் துடைத்தபோது வியாழன் இரவு சுற்றிய நாடா ஒரு மூலையில் உரிந்திருந்தது. பல்லுக்கு ஒட்டிய இடம், பட்டையில் உரசியிருக்கிறது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினார். இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை போலிருக்கிறது.

திங்கள்

மழை விட்டு வடமேற்குக் காற்று. சருகெல்லாம் நனைந்து தோல்போல மெத்தென்றிருந்தது, சனிக்கிழமை நொறுங்கிய அதே வழியில் இன்று எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை. அண்ணன் வேறு பக்கத்திலிருந்து சுற்றி, மான் பாதையை எங்கும் கடக்காமல் கூட்டிப்போனார். அதே டூலிப் மரங்கள். பட்டை வெளிப்பக்கம் காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பரணை மாட்டினார்.

நானும் ஏறினேன். இருட்டில் இருபதடி உயரத்தில் எழுந்து நிற்பது முற்றத்துப் பயிற்சியில் வராத ஒரு சங்கதி. மரம் ஆடுகிறது. மெதுவாக, ஆனால் நிச்சயமாக ஆடுகிறது. பத்து நிமிஷத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது, முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்ள இன்னும் பத்து நிமிஷம் எடுத்தது.

எட்டரை தாண்டி வலது பக்கம் சருகுச் சத்தம். அணில் என்றால் குதித்துக் குதித்து நிற்கும். இது ஒரே நடை. ஒரு பெட்டை, பின்னாலேயே கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டு முனைக் கிடா. பெட்டை வெள்ளை ஓக் அடியில் நின்று கொட்டை பொறுக்கத் தொடங்கியது. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, சிவப்பு ஓக் பக்கத்திலேயே உதிர்ந்து கிடந்தாலும் மான் இதைத்தான் முதலில் தேடும்.

கிடா நடுவில் இருந்த புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அண்ணன் எழுந்திருந்தார். எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது, நான் கேமராவில் மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பரண் ஒரு முனகல்கூட முனகவில்லை. ஒஹாயோவில் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒரு கொம்பு மான்தான் கணக்கு. அதற்காகக் காத்திருப்பார் என்று நினைத்தேன். பெட்டை ஓர் அடி முன்னால் வைத்துப் பக்கவாட்டில் திரும்பியது. தக்.

அறுபது கஜம் ஓடி விழுந்தது. கிடா எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் உட்கார்ந்தார், ஹார்னஸ் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் யாரும் இறங்கவில்லை. அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும், வலியும் நீளும். இறங்கும்போதுதான் பலர் தடதடவென்று வருவார்கள், வேலை முடிந்துவிட்டதே என்று. அண்ணன் ஏறிய அதே நிதானத்தில் இறங்கினார். கிடா இன்னும் பக்கத்தில் இருக்கலாம், நாளைக்கு இன்னொருவர் இந்த மரத்தில் உட்காரலாம்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். மானின் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வயிற்றைச் சுத்தம் செய்து, சீட்டு எழுதிக் கட்டி, மேட்டில் இழுத்து வர ஒன்றரை மணி நேரம். 45 கிலோவாவது இருக்கும், இரண்டு பேருக்கும் இடுப்பு போய்விட்டது. வேட்டையை மறுநாள் நண்பகலுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கைபேசியிலேயே முடித்தார். அப்புறம் கறி வெட்டும் கடை. பாதியை இங்கேயே ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தார், மீதி மிளகு போட்டு வறுக்க அண்ணிக்கு.

"கிடாவ ஏண்ணே விட்டீங்க?"

"கொம்ப வறுக்கவா முடியும்? பெட்டை நின்ன இடம் சுத்தமா இருந்துச்சு, கிடா பொதருக்குள்ள. அவ்ளோதான்."

துப்பாக்கிப் பருவம் நன்றிசொல்லும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. அந்த வாரம் ஆரஞ்சு மேலாடை கட்டாயம், காட்டில் ஆளும் அதிகம். அண்ணன் கிடாவுக்காக மறுபடி வருவார். நான் வரவில்லை, முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பரண் வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கடையிலேயே குழாயை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.